சாம் எர்வினை அரசியல் சட்டத்தின் காவலர் என்று சொல்லலாமா?

குறுக்குவிசாரணை:
எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தரப்பு மூடி மறைக்கப் பார்த்த வாட்டர்கேட் பேச்சு வந்தாலே, அமெரிக்காவின் வட கரோலினா செனட்டர் சாம் எர்வினைக் கொண்டாட ஆரம்பித்துவிடுகிறோம். அதை விசாரித்த 1973 செனட் குழுவுக்குத் தலைவர், சரி. ஆனால் பள்ளிகளில் இனப் பாகுபாடு கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 1956-ல் தென் மாநில உறுப்பினர்கள் விட்ட அறிக்கையை எழுத உதவியவரும் இவர்தான், 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவரும் இவர்தான். இவரா காவலர்?

பழையவக்கீல்:
முழு வாழ்க்கையையும் பாருங்கள். பள்ளியில் பரிணாமக் கொள்கையைத் தடை செய்யக் கேட்ட மசோதாவை 1925-லேயே மாநில சட்டமன்றத்தில் எதிர்த்தவர். 1954-ல் செனட்டுக்கு வந்த கையோடு, கண்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று பழி சொன்ன செனட்டர் மெக்கார்த்தியை விசாரித்த குழுவில் உட்கார்ந்தார். 1971-ல் ராணுவம் சாதாரண மக்களை உளவு பார்த்ததை வெளியே இழுத்துப்போட்டார். நிக்சன் வீழ்ந்ததே இவரால்தான்.

நூலகவாசி:
அந்தக் கடைசி வரி அப்படியே சரியில்லை. நிக்சனின் பேச்சுகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருப்பதை 1973 ஜூலை 16 அன்று வெள்ளை மாளிகையின் முன்னாள் உதவியாளர் பட்டர்ஃபீல்ட் சொன்னது எர்வின் குழுவின் முன்னால்தான், ஆனால் அவற்றைக் கேட்டு அந்தக் குழு போட்ட வழக்கு தள்ளுபடி ஆனது. 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடாக்களுக்கான வழக்கில் வென்றது, வாட்டர்கேட்டுக்கென நியமிக்கப்பட்ட சிறப்பு வழக்கறிஞர் தரப்பு.

பழையவக்கீல்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நாடா இருப்பதே தெரியாமல் யார் போய் எதைக் கேட்டிருப்பார்கள்? அப்புறம், குடிமக்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தபோதெல்லாம் அவர் வைத்த வாதம் ஒன்றுதான்: அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும்.

குறுக்குவிசாரணை:
அதே வாதத்தைத்தான் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிராகவும் வைத்தார். அவருடைய மாநிலத்தில் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடி வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதுவும் அரசின் அதிகாரம்தானே, அதற்கு ஏன் அவர் எல்லை கேட்கவில்லை? ஹார்வர்டில் சட்டம் படித்து மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. நிக்சனைக் கேள்வி கேட்டதற்கு முழுப் பெருமையும் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். காவலர் என்ற பட்டத்தை மட்டும் அந்த வாசலில் நின்றவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.