ஏற்காட்டில் பழைய என்டர்பிரைஸ் பாய்மரப் படகு: சென்டர்போர்டு பெட்டி ஓரம் கசிகிறது, கட்டிய பட்டறையும் இல்லை. உதவி தேவை

காப்பித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் பெரியப்பாவின் படகு முப்பது வருடமாகக் கவிழ்த்தே கிடந்தது. அவர் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது பந்தயத்தில் ஓட்டியது. ஓய்வு பெற்றதும் லாரியில் போட்டு, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே கொண்டுவந்துவிட்டார். என்டர்பிரைஸ் என்கிற வகைப் பிளைவுட் படகு, நீளம் 13 அடி 3 அங்குலம், பாய் நீல நிறம். போன வருடம் அவர் தவறிவிட்டார், இதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் விட எனக்கு மனசில்லை.

தோட்டத்துக் குட்டையில் இறக்கினோம். அரை மணி நேரத்தில் நாலு வாளித் தண்ணீர் ஏறிவிட்டது. அடியில் ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை, சென்டர்போர்டு (படகின் நடுவில் கீழே இறக்குகிற பலகை) ஏறி இறங்கும் பெட்டியின் ஓரம் மட்டும் ஈரமாக இருக்கிறது. சேலத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் கேட்டால் அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் போர்த்தி மூன்று நாளில் தருகிறேன் என்கிறார்கள். கட்டிய பட்டறையின் பெயர் உள்ளே பித்தளைத் தகட்டில் இருக்கிறது, தேடிப் பார்த்தேன், மூடிப் பல வருடம் ஆகிவிட்டதாம். ஃபைபர் போடலாமா? வேறு வழி இருக்கிறதா?

பழைய என்சிசி எழுதியது:

தம்பி, ஃபைபர் வேண்டாம், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே போர்த்தினால் ஈரம் போக வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். எடையும் ஏறும். வெறும் படகு 90 கிலோவை ஒட்டி இருக்க வேண்டியது, அதற்கு மேல் ஏற ஏற அது பந்தயப் படகாக இருக்காது.

கசிவைத் தண்ணீரில் இறக்கித் தேடாதீர்கள், தண்ணீரைப் படகுக்குள் ஊற்றித் தேடுங்கள். மணல் மூட்டை, பழைய டயர் வைத்து நாலைந்து இடத்தில் தாங்கல் கொடுத்து, பெட்டிக்கு வெளியே, படகின் உள்தரையில் நாலு விரல் உயரம் ஊற்றினால் போதும், அதற்கு மேல் ஊற்றினால் எடை தாங்காது. அப்புறம் கீழே குனிந்து, பெட்டி வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸ் கோடு.

கட்டியவர் இல்லையே என்று கலங்க வேண்டாம், ஏனென்றால் இந்தப் படகே பட்டறைக்காரரை நம்பி வரைந்தது இல்லை. இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் 1956இல் போட்ட வடிவம், ஒரு செய்தித்தாள் ஆதரவில் வந்தது, அந்த ஜனவரியில் இரண்டு படகுகளை ராத்திரியில் ஆங்கிலக் கால்வாய் தாண்டி ஓட்டிக் காட்டினார்கள். போருக்குப் பிறகு நல்ல நீர்புகாப் பசையும் பிளைவுட்டும் கிடைத்ததால், சாதாரண ஆள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று உடம்பை வளைவாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக வைத்தார். பீட்டர் மில்ன் 1962இல் வரைந்த ஃபைர்பால் வகைப் பாய்மரப் படகும் இந்த மாதிரிதான், 1982 ஆசிய விளையாட்டில் ஃபரூக் தாராப்பூரும் ஸரீர் கரஞ்சியாவும் அதில்தான் தங்கம் வாங்கினார்கள்.

மரப் பட்டறைகள் போனதற்குக் காரணம் ஃபைபர் அச்சு. ஒரு அச்சு இருந்தால் ஒரே மாதிரி படகு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், மரத்தில் ஒவ்வொன்றும் ஒருவர் கையால் வாரக்கணக்கில் செய்ய வேண்டும். எழுபதுகளில் ப்ரூஸ் கர்பி வரைந்த லேசர் என்கிற ஃபைபர் படகு வந்தது, ஒற்றை ஆள் ஓட்டுவது, வார்னிஷ் வேலை இல்லை, இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள். பழைய வகைக்கு ஆர்டர் குறைந்ததும் தச்சர்கள் ஜன்னல் கதவு செய்யப் போய்விட்டார்கள். அவர்களோடு போன கைப்பழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஓடாவிவீடு, தூத்துக்குடி எழுதியது:

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யாராவது பெரியவர் வந்து பஞ்சு அடித்துக் கலப்பத்து (பலகை இடுக்கை அடைக்கிற வேலை) பண்ணிவிடலாம் என்பார், எங்கள் அப்பாவே அதைத்தான் முதலில் சொன்னார். தோணி பலகைப் படகு, தண்ணீரில் ஊறினால் பலகை உப்பிப் பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிளைவுட் அப்படி உப்பாது. மூட்டில் பஞ்சை அடித்தால் ஆப்பு அடித்த மாதிரி இன்னும் பிளந்துகொள்ளும். சிலிகானும் தொடாதீர்கள், ஒருமுறை தடவிய இடத்தில் பிறகு பசையும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது.

லாரிபாடி சங்ககிரி எழுதியது:

அண்ணா, நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன், படகு தெரியாது, மரம் தெரியும். பெட்டிப் பலகை மாற்ற வேண்டி வந்தால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள், 303 முத்திரை வீட்டு அலமாரிக்குத்தான். ஃபைபர் பட்டறையில் கொடுக்கிற பாலியெஸ்டர் ரெசின் பழைய மரத்தில் சரியாகப் பிடிக்காது, எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து போடுகிற பசை) கேளுங்கள், மூட்டு ஓரத்தில் மரத்தூள் கலந்து விரலால் வழித்துவிடலாம். அதற்கு முன்னால் மரம் நன்றாகக் காய வேண்டும், ஏற்காட்டு மழையில் அது நடக்காது.

காப்பித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். முன்பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை. பெட்டியின் பின்கோடியில், ஏராக்கட்டையோடு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டை) சேரும் மூட்டில், ஓர் அடி நீளத்துக்கு வரிசையாகச் சொட்டுகிறது. சென்டர்போர்டு சுழலும் போல்ட்டிலும் கசிவு, அங்கே ரப்பர் வாஷர் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிட்டது. மூட்டைக் கத்தியால் கீறினால் பழைய பசை பொடியாக உதிர்கிறது. திருகாணி இரண்டைக் கழற்றினேன், பித்தளை சிவந்து போய்க் கையாலேயே ஒடிகிறது. ஆனால் பலகையை ஊசியால் குத்திப் பார்த்தேன், எங்கேயும் இறங்கவில்லை, தட்டினால் கணீரென்று கேட்கிறது.

பழைய என்சிசி எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தம்பி, பலகை நன்றாக இருக்கிறது, பசைதான் செத்திருக்கிறது. பித்தளை அப்படிச் சிவந்தால் அதிலிருந்த துத்தநாகம் போய்விட்டது என்று அர்த்தம், எல்லாத் திருகாணியையும் மாற்றுங்கள். பெட்டியைக் கழற்றும் முன் அதன் உயரம், வாயின் அகலம், முன்கோடியிலிருந்து தூரம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். திரும்ப வைக்கும்போது கால் அங்குலம் சாய்ந்தால்கூடப் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும்.

காப்பித்தோட்டம் எழுதியது:

சரி சார். ஜனவரியில் பழம் பறிப்பு ஓய்ந்ததும் காப்பிக் களத்தின் ஓரத்தில், நேர் வெயில் படாமல் தார்ப்பாய் கட்டி, ஒரு மாதம் காயவைக்கப் போகிறேன். சங்ககிரி அண்ணா, பெட்டியைக் கழற்றுகிற அன்றைக்கு மேலே வர முடியுமா? சாப்பாடு வீட்டில்தான்.

லாரிபாடி சங்ககிரி எழுதியது:

வருகிறேன் அண்ணா. கிளாம்ப் எட்டு இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். பழைய திருகாணியில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், நீளம் பார்த்து வாங்க வேண்டும்.