படகு அறைச் சூடேற்றிக்கு டீசலா, மண்ணெண்ணெயா? ஆலோசனை தேவை

பாய்மரப் படகின் சிறிய அறையில் ஒரு சூடேற்றியும் அடுப்பும் பொருத்தவிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே எரிபொருள் போதுமா என்பதில் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன். இயந்திரத் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் டீசல் வசதியானது. ஆனால் தீயைக் குறைத்து எரிக்கும்போது கரி மிகுதியாகப் படிகிறது, கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் இவ்விரு தொல்லைகளும் குறைவு. காற்றடித்து எரிக்கும் அழுத்த அடுப்புக்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம். எனினும், அதன் ஆவி ஏறத்தாழ 38 பாகை செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், தனித் தொட்டியை மூடிய அறைக்குள் வைக்கத் தயங்குகிறேன். டீசலுக்கென வடிவமைத்த சூடேற்றியில் மண்ணெண்ணெயை நெடுங்காலம் எரித்தவர்கள், எண்ணெய் வரத்தைச் சீராக்கும் அடைப்பிதழை மாற்றியமைக்க வேண்டியிருந்ததா என்றும், தொட்டியை எங்கே பொருத்தினீர்கள் என்றும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும். எதைத் தேர்ந்தாலும் வெளியே செல்லும் புகைபோக்கியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவியும் உறுதியாகப் பொருத்துவேன்.