கஹூட் போட்டால் வகுப்பு துள்ளுகிறது, இரண்டு நாள் கழித்துக் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை

ஆண்டு5 டீச்சர் கேட்டது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5-க்குத் தமிழும் கணிதமும் எடுக்கிறேன். தோட்டம் என்றுதான் பெயர், லயத்தில் இப்போது ஆளே கிடையாது, பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் டவுன் தாமான்களிலிருந்து (குடியிருப்புகளிலிருந்து) வேனில் வருகிறார்கள். கணினி அறையில் உயிரோடு இருக்கும் கணினிகளைக் கணக்குப் போட்டால் மூன்று பேருக்கு ஒன்று வரும். மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது, அது எல்லாப் பள்ளியிலும் இருக்கும் விதிதான்.

கஹூட் (திரையில் வரும் கேள்விக்கு நிறப் பொத்தானை அமுக்கி விடை சொல்லும் இணைய விளையாட்டு) போட்டால் அறையே அதிர்கிறது. அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவன் மட்டும்தான் விளையாடுகிறான், மற்ற இருவரும் "சிவப்பு, சிவப்பு" என்று கத்துகிறார்கள், கேள்வியை முழுதாக வாசிக்கும் முன்பே ஏதோ ஒரு நிறத்தை அமுக்கியாயிற்று. முதல் மூன்று இடமும் எப்போதும் அதே பிள்ளைகளுக்குத்தான். இரண்டு நாள் கழித்து அதே பின்னக் கணக்கைத் தாளில் கொடுத்தால், விளையாட்டில் சரியாக அமுக்கியவர்களே பேந்தப் பேந்த விழிக்கிறார்கள்.

யூபிஎஸ்ஆர் (ஆண்டு 6 அரசுத் தேர்வு) 2021-இல் நீக்கப்பட்ட பிறகு பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீடுதான், அதற்குச் சான்று வேண்டும், விளையாட்டுப் படத்தைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் மேலே இருப்பவர்களுக்கும் சந்தோஷம். இதெல்லாம் உண்மையில் படிப்புக்கு உதவுகிறதா, இல்லை அந்த அரைமணி நேரக் கொண்டாட்டத்தோடு சரியா? உதவும் என்றால், கருவி இல்லாத எங்களைப் போன்ற பள்ளியில் எப்படிச் செய்வது?

பழைய சாக்பீஸ் எழுதியது:

ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் பச்சையாகவே சொல்கிறேன் டீச்சர். கஹூட் வருமுன்பே நாங்கள் வகுப்பில் விளையாட்டு நடத்தியிருக்கிறோம். மின்னட்டை (சொல்லையோ படத்தையோ சட்டென்று தூக்கிக் காட்டும் அட்டை), மணிலா அட்டை, அப்புறம் கோத்தாக் பெராச்சுன். பெட்டியைச் சுற்றவிட்டுப் பாட்டை நிறுத்தினால் யார் கையில் பெட்டி இருக்கிறதோ அவர் உள்ளே கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். மின்சாரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இப்போது இளம் ஆசிரியர்கள் ஒரு இணைப்பை அனுப்பிவிட்டு அதைப் பாடம் என்கிறார்கள். பிள்ளை திரையைப் பார்க்கிறதா ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறதா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

பீடோங் கணக்கு எழுதியது:

டீச்சர், உங்கள் பிள்ளைகள் வாசிக்காமல் அமுக்குவதற்குப் பாதிக் காரணம் கஹூட்டின் புள்ளிக் கணக்கு. சாதாரண அமைப்பில் ஒரு கேள்விக்கு உச்சம் 1000 புள்ளி. நேரம் ஓட ஓட அது குறைந்துகொண்டே வரும், கடைசி நொடியில் சரியாகச் சொன்னால் கிடைப்பது கிட்டத்தட்ட 500. ஆக, நிதானமாக யோசித்துச் சரியாகச் சொன்ன பிள்ளை, சட்டென்று சொன்ன பிள்ளையைவிடப் பாதிதான் வாங்குகிறது. ஆண்டு 5 பிள்ளைக்கு இது புரியாமல் இருக்குமா, இரண்டே ஆட்டத்தில் புரிந்துகொள்ளும். நேரம் பெரும்பாலும் 20 நொடியிலேயே நிற்கும், நாம்தான் கூட்ட வேண்டும். பின்னத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

தமிழ்ப் பாடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கேள்விக்கு 120 எழுத்துதான் இடம். நம் எழுத்தில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால், ஒரு திருக்குறளைப் போட்டு "பொருள் என்ன" என்று கேட்டாலே கிட்டத்தட்ட பாதி இடமோ அதற்கு மேலோ போய்விடும். குறளைப் படமாக்கிப் போட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் தட்டுவது நல்லது.

சாக்பீஸ் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோத்தாக் பெராச்சுனில் நானும் வளர்ந்தவன்தான். பெட்டி தன்னிடம் நிற்கவில்லை என்றதும் மற்ற முப்பது பேருக்கும் வரும் நிம்மதி இருக்கிறதே, அந்த நிம்மதியில் யாரும் அந்தக் கேள்வியை யோசிப்பதே இல்லை. ஒருவர் பதில் சொல்ல மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது பழைய விளையாட்டிலும் இருந்தது, மூன்று பேருக்கு ஒரு மவுஸ் என்பதிலும் அதேதான் நடக்கிறது. திரையை மட்டும் திட்டி என்ன பயன்?

கருவி இல்லை என்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டமாக ஒரு வடிவம், நான்கு பக்கமும் சின்னதாக ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை தூக்கிப் பிடிக்கும். நீங்கள் உங்கள் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மீது ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தும் பொடி, அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது. 40 அட்டை கொண்ட தொகுப்பை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். வேகத்துக்குப் புள்ளி கிடையாது, பாட்டு கிடையாது. முதல் நாள் பிள்ளைகள் "கஹூட் இல்லையா" என்று முகத்தைத் தொங்கப் போடுவார்கள், விட்டுவிடுங்கள்.

கேள்வி எப்படி என்பதுதான் இதில் உயிர். 1/2 + 1/3 என்று கேட்டுவிட்டு விடைகளாக 5/6, 17, 100, 8 என்று போட்டால் அது விளையாட்டுக்குக்கூட உதவாது. 5/6, 2/5, 2/6, 1/5 என்று போடுங்கள். 2/5 தூக்கியவன் மேலே மேலும் கீழே கீழும் கூட்டியிருக்கிறான். 2/6 தூக்கியவள் பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறாள். தவறான விடையே உங்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். இந்த விடைகளை நான் யோசித்து உருவாக்குவதில்லை, போன வருடப் பயிற்சிப் புத்தகங்களில் பிள்ளைகள் எழுதியதிலிருந்தே எடுக்கிறேன்.

மூன்று பிள்ளை அம்மா எழுதியது:

நான் டீச்சர் இல்லை, பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? விளையாட்டு நல்லதுதான், என் சின்னவள் பள்ளிக்குப் போக அழுவதே நின்றுபோனது. ஆனால் இதை வீட்டுப்பாடமாக அனுப்பும்போது கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் ஒரே திறன்பேசி, அது அப்பாவோடு மில்லுக்குப் போய்விடும், அவர் இரவு ஷிஃப்ட் என்றால் அன்றைக்கு மூன்று பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. "இன்று இரவுக்குள் முடிக்க வேண்டும்" என்று குழுவில் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முடிக்காத பெயர்களை வேறு குழுவில் போடுகிறார்கள், அது எல்லோர் வீட்டிலும் தெரிகிறது.

இன்னொன்று, பெரியவனுக்குத் தன் இடம் பதினேழு, பதினெட்டு என்று திரையில் வருவதே பிடிக்கவில்லை. அவனுக்குப் பாடம் தெரியும் அக்கா, கை மெதுவு.

பீடோங் கணக்கு எழுதியது:

அம்மா சொல்வது நியாயம். வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் குவிஸ்ஸிஸ் என்ற கேள்வி-விடைத் தளம் பரவாயில்லை. பெங்களூரில் 2015-இல் தொடங்கியது, 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிவிட்டது, பழைய பெயரில் தேடிக் காணோம் என்று திகைக்க வேண்டாம். அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம், கடிகாரத்தையும் தரவரிசையையும் நிறுத்தி வைக்கலாம், முடிக்க ஒரு வாரம்கூடக் கொடுக்கலாம். அதையே தாளில் அச்சடித்தும் கொடுங்கள், எதில் செய்தாலும் சரி என்று சொல்லிவிடுங்கள்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

பெட்டி விளையாட்டில் முப்பது பேர் சும்மா இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் டீச்சரின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. நிறத்தை அமுக்கினாலும் அட்டையைத் தூக்கினாலும் நாலில் ஒன்றைப் பொறுக்குவது படிப்பாகுமா?

கம்பார் நூலகம் எழுதியது:

ஐயா கேட்டதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள், ஒரு பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், இன்னொன்றை மூடிவைத்து நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்ததுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ், நினைவிலிருந்து எழுதியது சுமார் 56 விழுக்காடு நின்றது, திரும்ப வாசித்தது 42. கேள்வி கேட்பது மதிப்பெண் போட மட்டும் இல்லை, மனத்திலிருந்து இழுத்து எடுக்கும் வேலையே பாடத்தை உள்ளே இறக்குகிறது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் எழுதினார்கள், நிறத்தை அமுக்கவில்லை. இரண்டு நாளில் டீச்சரின் பிள்ளைகளுக்கு மறந்துபோவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இருபது நொடிக்குள் அவர்கள் மனத்திலிருந்து எதையும் இழுக்கவே இல்லை.

அதனால் விடைகளைக் காட்டுவதற்கு முன்பு கேள்வியை மட்டும் திரையில் வையுங்கள். எல்லோரும் நோட்டில் பதிலை எழுதட்டும். அப்புறம் விடைகளைக் காட்டி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தவறு என்று வந்தால் சரியான விடையைச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடை ஏன் சரி என்று வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலிருந்து நடத்தும் முறை இது. எல்லோருமே தவறு என்றால் பேசவிட்டுப் பயனில்லை, திரும்பவும் நடத்த வேண்டியதுதான். ஒரு பாட நேரத்துக்கு மூன்று நான்கு கேள்விக்கு மேல் வராது. அதே கேள்விகளில் இரண்டை அடுத்த வாரம் திரும்பவும் போடுங்கள்.

ஆண்டு5 டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கஹூட்டை முழுதாக விடப்போவதில்லை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு அது இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா. பின்னத்துக்கு நோட்டும் அட்டையும்தான். அம்மா, பெயர்களைக் குழுவில் போடும் வழக்கம் எங்கள் பள்ளியிலும் உண்டு, அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். அட்டையை லேமினேட் பண்ணலாமா? எங்கள் பிள்ளைகள் கையில் தாள் ஒரு வாரம் தாங்காது.

பீடோங் கணக்கு எழுதியது:

பளபளப்பு லேமினேட் வேண்டாம் டீச்சர், ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாது. தடித்த தாளில் அச்சடித்து மணிலா அட்டையில் ஒட்டுங்கள். அட்டை எண்ணை வருகைப் பதிவேட்டு எண்ணோடு பொருத்திவிட்டால் யாருடைய அட்டை என்று தேட வேண்டியதில்லை. பள்ளி வைஃபையை நம்பாமல் கைப்பேசி டேட்டாவிலேயே ஓட்டுங்கள், படம், காணொளி இல்லாததால் அதிகம் தின்னாது.