புதுப்பிப்பு: சிறுகதைப் போட்டிக்கு உதவி கேட்டிருந்தேனே

முதல்முறை சிறுகதைப் போட்டிக்கு அனுப்பப் போகிறேன், கோலாலம்பூரில் யாரிடம் உதவி கேட்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்காமாருக்கு நன்றி.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை தன் போட்டியில் தேர்வானவற்றைப் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுப்பாகப் போடுகிறது, பழைய தொகுப்புகளைப் படி என்றீர்கள். அதுதான் பெரிய உதவி. பரிசுக் கதை என்றால் கடைசியில் அழ வைக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) ஆறும்வரை ஓர் அக்கா என் கதையைச் சத்தமாக வாசித்தார். நாக்கு தடுக்கிய இடத்திலெல்லாம் பென்சில் கோடு. “முதல் பக்கம் பூரா மழைதான் பெய்யுது, வெட்டுப்பா” என்றார். வெட்டிவிட்டேன்.

அப்புறம், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள். காசுக்குத் திருத்தித் தருகிறேன் என்று வந்தவரிடம் வேண்டாம் என்றேன்.

சரி, கதை போய்விட்டது. முடிவு வந்ததும் சொல்கிறேன்.