ஆர்.சிதம்பரம் பதவிக்குப் போனது இயற்பியலுக்கு நட்டமா?

படிகன்:
2025 ஜனவரியில் 88 வயதில் அணு விஞ்ஞானி சிதம்பரம் மறைந்தபோது எல்லோரும் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றியே எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் (இந்திய அறிவியல் கழகம்) முனைவர் பட்டம் வாங்கி, 1962-ல் மும்பை டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தவர். நியூட்ரான் விளிம்பு விளைவை வைத்து, அதாவது படிகத்தில் பட்டு நியூட்ரான்கள் சிதறும் விதத்தை வைத்து, படிகங்களில் ஹைட்ரஜன் பிணைப்பு எப்படி அமைகிறது என்று ஆராய்ந்தார். எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் அணு சரியாகப் பிடிபடாது, நியூட்ரானுக்குப் பிடிபடும். அப்படி நுணுக்கமான வேலை. அப்புறம்? 1990-ல் பாபா அணு ஆராய்ச்சி மைய இயக்குநர், 1993-ல் அணுசக்தி ஆணையத் தலைவர், 2001 முதல் 2018 வரை அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். கோப்பு பார்த்தே கால் நூற்றாண்டு போய்விட்டது.

கோடைமழை:
கோப்பு பார்த்தார் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் எப்படி? அணுகுண்டு வெடிக்கும்போது ஏற்படும் அழுத்தத்தில் புளூட்டோனியம் என்ன ஆகும் என்பதை எந்த நாடும் சொல்லித்தராது. அதன் நிலைச் சமன்பாட்டை, அதாவது அழுத்தமும் வெப்பமும் மாறும்போது அடர்த்தி எப்படி மாறும் என்ற கணக்கை, 1960களின் கடைசியில் உட்கார்ந்து கணக்கிட்டவர் அவர். அது இயற்பியல் இல்லையா? 1974-ல் இந்தியாவின் முதல் அணுகுண்டுச் சோதனைக்கான புளூட்டோனியத்தை டிராம்பேயிலிருந்து பொக்ரானுக்குக் கொண்டுபோன ராணுவ வண்டிகளோடு கூடவே போனார். புளூட்டோனியம் இருந்த பெட்டியை விட்டு நகரவே இல்லையாம். மே 18-ல் நடந்த அந்தச் சோதனையைப் பற்றி மறு வருடமே, அதற்குத் தலைமை தாங்கிய ராஜா ராமண்ணாவோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

மூன்றாம்விதி:
இரண்டு பேரும் முக்கியமான இடத்தைத் தொடாமலே சுற்றி வருகிறீர்கள். 1998 மே 11-ல் பொக்ரானில் வெடித்த வெப்ப அணுக்கருக் குண்டின் (ஹைட்ரஜன் குண்டு) ஆற்றல் 45 கிலோ டன் என்றார் சிதம்பரம். அந்தச் சோதனையில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ தரப்பில் பொறுப்பில் இருந்த கே.சந்தானம், 2009-ல் அது எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் காட்டிய சான்று எளிமையானது: அதே நாளில் சாதாரண அணுக்கருப் பிளவுக் குண்டு வெடித்த இடத்தில் பெரிய பள்ளம் விழுந்தது, வெப்ப அணுக்கருக் குண்டை இறக்கிய குழிக்கு மேல் நிறுத்தியிருந்த இரும்புச் சட்டம் அப்படியே நின்றது. ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே.ஐயங்காருக்கும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. அந்த 2009-ல் சிதம்பரம் யார்? பிரதமருக்கு ஆலோசனை சொல்பவர். குண்டைச் செய்த அணியின் தலைவரே அரசின் ஆலோசகராகவும் இருந்தால், அரசு வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

கோடைமழை:
அதற்கு அவர் பதில் சொல்லாமல் இல்லையே. வெப்ப அணுக்கருக் குண்டை இறக்கிய குழி இன்னும் ஆழமானது, பாறையும் வேறு, பள்ளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார். துளையிட்டு எடுத்த மாதிரிகளின் கதிரியக்க வேதிப் பகுப்பாய்வையும் சான்றாகக் காட்டினார். பக்கத்தில் கேத்தோலாய் கிராமம் இருந்ததால்தான் ஆற்றலையே குறைவாக வைத்தார்கள்.

மூன்றாம்விதி:
அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். தரவு முழுவதும் அவர் ஆட்கள் கையில் இருந்தது, சரிபார்த்ததும் அவர்கள்தான். ஒரு ஆய்விதழில் இப்படி நடக்க விடுவோமா?

படிகன்:
ஆயுதத்தின் தரவை ஆய்விதழில் போட முடியாது சார், அதை நீங்களும் அறிவீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஆலோசகர் நாற்காலிதான். வாஜ்பாய், மன்மோகன், மோடி என்று மூன்று பிரதமர்களைப் பார்த்தவர். அத்தனை வருடமும் ஆராய்ச்சிச் செலவு ஜிடிபி-யில் 1 சதவீதத்தை எட்டவே இல்லை.

நெய்தல்:
செலவை முடிவு செய்வது நிதியமைச்சகம், ஆலோசகர் அல்ல. நான் முதுகலை படித்தபோது வெளியூர் ஆய்வகத்தின் கணினியை எங்கள் துறையிலிருந்தே இயக்கினோம். அது கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் அதிவேகக் கணினி இணைப்பான தேசிய அறிவு வலையமைப்பின் வழியாக வந்தது. 2010-ல் ஒப்புதல் கிடைத்த அந்தத் திட்டத்துக்கு அடிபோட்டது இவருடைய அலுவலகம். கிராமத்துத் தொழில்களுக்கு ஐஐடி-க்காரர்களை இறக்கிய ருட்டாக் திட்டமும் அங்கே பிறந்ததுதான். ஹைட்ரஜன் பிணைப்புக் கட்டுரை இன்னும் பத்து வந்திருந்தால் இதற்கு ஈடாகுமா, படிகன்?

படிகன்:
ஆகாது என்று எப்படிச் சொல்ல முடியும்? எழுதாத கட்டுரையை யார் எடைபோட்டார்கள்?

மூன்றாம்விதி:
வலையமைப்புக்கு நான் எதிரி இல்லை. 2009-ல் வெளியார் குழு ஒன்று வேண்டும் என்று அவரே கேட்டிருக்கலாமே? அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோடைமழை:
கேட்டிருந்தால் எந்த வெளியாரைப் போட்டிருப்பீர்கள்? பெயர் சொல்லுங்கள். இந்தியாவில் அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டிராம்பேயில்தான் இருந்தார்கள்.

மூன்றாம்விதி:
ஐயங்கார் டிராம்பே ஆள்தானே. அவரிடம் காட்டியிருக்கலாம்.