டாப் என்ட்ரி பால் வால்வு: லைனில் வைத்தே பாலைத் தூக்க முடியவில்லை, உதவுங்கள்

வணக்கம். 6 இன்ச், கிளாஸ் 300 (பிரஷர் தரம்) டிரன்னியன் பால் வால்வு ஒன்றை டிசைன் செய்கிறேன்; துளையிட்ட உருண்டை (பால்) மேலும் கீழும் அச்சில் தாங்கி நின்று திரும்பித் திறந்து மூடும் வகை. இரண்டு முனையும் பைப்போடு வெல்டிங். ஷாப்புக்குக் கழற்றிக்கொண்டு வர வழியில்லை என்பதால் டாப் என்ட்ரி; பானெட்டை (மேல்மூடியை) திறந்தால் பால், சீட் (பாலின் இரு பக்கமும் ஸ்பிரிங் தள்ள, அதோடு ஒட்டி சீல் செய்யும் வளையம்) எல்லாம் மேல்வழியாக வர வேண்டும். முதல் மாதிரியில் பானெட், ஸ்டெம் (பாலைத் திருப்பும் தண்டு) சுலபமாக வந்துவிட்டன. பால் மட்டும் அசையவே இல்லை. சீட்டைப் பின்னால் நெம்பினால் கொஞ்சம் போய் டக்கென்று நின்றுவிடுகிறது. சீட் உட்காரும் பாக்கெட்டின் விட்டத்தைக் கூட்டலாமா?

பதில்:
விட்டத்தைத் தொடாதீர்கள். ஓ-ரிங் (சீல் செய்யும் ரப்பர் வளையம்) அங்கேதான் சீல் செய்கிறது. இடைவெளி கூடினால் பிரஷரில் ரிங் பிதுங்கிக் கிழியும். டக்கென்று நிற்கிறது என்றால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, சுருளோடு சுருள் முட்டியிருக்கலாம். தூக்கும்போது பால் ஓபனா, குளோஸா?

கேட்டவர்:
குளோஸ், சார்.

பதில்:
அப்படியானால் வராது. பால் 230 மி.மீ., துளை 150 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளோஸில் பால் மையத்திலிருந்து சீட் பக்கமாக 115 மி.மீ. வரை புடைத்து நிற்கும். ஓபனில் துளையின் விளிம்பு சுமார் 87 மி.மீ.யிலேயே முடிந்துவிடும். ஓபனில் வைத்தால் சீட் சில மி.மீ. பின்வாங்கினாலே போதும். அந்தச் சில மி.மீ.க்கு இடம் தரும்படி ஸ்பிரிங் குழியை ஆழமாக்குங்கள். சீட்டின் வெளி விளிம்பில் ஒரு காடி வெட்டி, அதைப் பிடித்துத் திருகால் பின்னுக்கு இழுக்கும் கருவியையும் வால்வோடு சேர்த்தே வரையுங்கள். கருவி இல்லாவிட்டால் சைட்டில் கடப்பாரைதான் போடுவார்கள். சீட் முகம் போச்சு.

இன்னொருவர் (மெயின்டனன்ஸ்):
எங்களுக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். லைன் பிரஷரை இறக்கிய பிறகும் பாடிக்குள் பிரஷர் சிக்கியிருக்கும். அதனால் அடியில் டிரெயின் (வடிகால் திறப்பு), மேலே வென்ட் (பிரஷரை வெளியே விடும் திறப்பு) கட்டாயம் வேண்டும்; பானெட் நட்டைத் தளர்த்துமுன் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். பாலில் ஐ-போல்ட்டுக்கு (தூக்குவதற்கான வளையத் தலை போல்ட்) மரை போடுங்கள். பாக்கெட் வாயில் சரிவு கொடுங்கள். கூர்மையாக விட்டால் புது ஓ-ரிங் மாட்டும்போதே வெட்டுப்படும். பானெட்டுக்கு மேல் எவ்வளவு உயரம் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் டிராயிங்கில் எழுதுங்கள். பைப்பிங் ஆட்கள் அங்கே கேபிள் டிரே கொண்டுபோய்விட்டால் டாப் என்ட்ரி இருந்தும் பயனில்லை.

கேட்டவர்:
ஓபனில் வைத்ததும் இடது பக்கச் சீட் பாலை விட்டு விலகிவிட்டது. வலது பக்கம் ஸ்பிரிங்தான் முட்டுகிறது. குழியை ஆழமாக்கி மறுபடி மெஷினிங்குக்கு அனுப்புகிறேன். டிரெயின், வென்ட், உயரம் மூன்றையும் டிராயிங்கில் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.