அப்டேட்: 600 எம்எம்ல ஃபோகஸ் அலையற பிரச்சனை, காரணம் கிடைச்சிருச்சு

போன தடவை சொல்லியிருந்தேன்ல, பள்ளிக்கரணைல பூநாரை எடுக்கறப்போ 150-600 எம்எம் ஜூம் லென்ஸ் ஃபோகஸ் தேடிட்டே இருக்கு, லாக் ஆனாலும் படம் சாஃப்டா வருதுன்னு. ரெண்டு பிரச்சனை கலந்து இருந்திருக்கு. ஒண்ணு 1.4 டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி படத்த 1.4 மடங்கு பெருசாக்கறது), அது ஒரு ஸ்டாப் வெளிச்சத்த முழுங்கிடும், எஃப்/6.3 லென்ஸ் எஃப்/9 ஆயிடும் (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்), என்னோட டிஎஸ்எல்ஆர்ல ஆட்டோஃபோகஸ் எஃப்/8 வரைக்கும்தான், அதுவும் நடு பாயிண்ட்ல மட்டும். கழட்டினதும் தேடறது நின்னுச்சு, ஆனா சாஃப்ட்னஸ் போகல. அது கானல்ங்க, வெயில்ல சூடான காத்து நெளியறது! காலைல ஆறரைக்கு அதே தூரத்துல எடுத்த படத்துல இறகு ஒவ்வொண்ணா தெரியுது, பதினொரு மணிக்கு லைவ் வியூல பெருசாக்கி பாத்தா காலு ரெண்டும் நெளியுது. இதுக்கு கேமராவுல ஃபோகஸ சரி பண்ற எந்த ஃபைன் டியூனும் உதவாது, தயவுசெஞ்சு அவசரப்பட்டு லென்ஸ சர்வீஸுக்கு அனுப்பாதீங்க, முதல்ல காலைல கிட்டத்துல இருக்கற பறவைய எடுத்து பாருங்க. லென்ஸ் எந்த தூரத்துக்குள்ள ஃபோகஸ் தேடணும்னு கட்டுப்படுத்தற லிமிட்டர் ஸ்விட்ச்ச தூரத்துக்கு மாத்தி வைக்க சொன்ன அண்ணாவுக்கு நன்றி, பறக்கறப்போ ரொம்ப உதவுது.